கேள்வி–பதில்: பாதி அச்சு, பாதி குழாய்

சென்ற இதழின் அட்டையில் வந்த, கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டும் மெஷினுக்குப் பெயர் 'மோஸ்ட்லி பிரிண்டட் சிஎன்சி'. அமெரிக்காவின் வி1 இன்ஜினியரிங் வடிவமைத்து, அதன் கோப்புகளை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. எலும்பு இரும்புக் குழாய். மூட்டுகள் வீட்டு 3டி பிரிண்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக். ஓட்டுவது படிப்படியாகச் சுழலும் ஐந்து நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார்: எக்ஸுக்கு (இட-வலம்) இரண்டு, ஒய்க்கு (முன்-பின்) இரண்டு, இசட்டுக்கு (மேல்-கீழ்) ஒன்று. வெட்டுவது தச்சர்கள் கையில் பிடித்து விளிம்பு தீட்டும் சின்ன ரவுட்டர். கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பல, நாங்கள் எழுதாமல் விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்துக் கேட்கின்றன. ஒரு கடிதம் எங்கள் தவறையே பிடித்திருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கே: கட்டுரையின் பெட்டிச் செய்தியில் '0.01 மி.மீ. துல்லியம்' என்று போட்டிருந்தீர்கள். எங்கள் பட்டறையில் உள்ள பழைய மில்லிங் மெஷினே அதைத் தராது. குழாயும் பிளாஸ்டிக்கும் எப்படித் தரும்? – வாசகர், கோவை

ப: தராது. அந்த வரி தவறு, எங்கள் தவறு.

0.01 என்பது படியின் அளவு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பலகை ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200. புல்லியில் 16 பல், பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மி.மீ., ஆக ஒரு சுற்றுக்கு 32 மி.மீ. நகரும். 3,200ஐ 32ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 100 படி. மோட்டாருக்கு எவ்வளவு சிறிய கட்டளை கொடுக்கலாம் என்பதை மட்டுமே இந்த எண் சொல்கிறது. பிட்டின் (ரவுட்டரில் மாட்டும் வெட்டும் அலகின்) நுனி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பது வேறு கதை. பாரம் ஏறினால் மோட்டாரே ஒரு படிக்குள் பின்வாங்கும், பெல்ட் சற்று இழுபடும், குழாய் வளையும், பிளாஸ்டிக் மூட்டு முறுக்கிக்கொள்ளும், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் ரவுட்டரின் காலட் சற்றே ஆடும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் நிஜமான துல்லியம்.

அதை அளக்க ஒரு மாலைப்பொழுது போதும். 6 மி.மீ. பிளைவுட்டில், 3.175 மி.மீ. பிட் போட்டு, 50 மி.மீ. சதுரம் ஒன்றும் 200 மி.மீ. சதுரம் ஒன்றும் வெட்டி எடுங்கள். வெர்னியர் கொண்டு எக்ஸ் திசை, ஒய் திசை இரண்டிலும் அளந்து எழுதுங்கள். 50லும் 0.2 அதிகம், 200லும் அதே 0.2 அதிகம் என்றால் குறை பிட்டில் இருக்கிறது: கடையில் 3.175 என்று வாங்கியது உண்மையில் 3.1 ஆக இருக்கலாம், அல்லது வெட்டும்போது பக்கவாட்டில் வளைகிறது. 50ல் 0.1, 200ல் 0.4 என்று நீளத்துக்கு ஏற்ப வளர்ந்தால் மட்டுமே பெல்ட்டையும் மி.மீ.க்கான படி எண்ணையும் சந்தேகியுங்கள். பலரும் முதல் வகைக் குறைக்கு 100ஐ 99.6 என்று மாற்றி வைத்துவிடுகிறார்கள். 50 மி.மீ. துண்டு சரியாக வந்ததுபோல் தெரியும். அரை மீட்டர் பலகையில் 2 மி.மீ. போய்விடும்.

கடைசி வெட்டுக்கு 0.3 மி.மீ. சதையை விட்டுவைத்து, முழு ஆழத்துக்கும் ஒரே ஓட்டமாக மெதுவாகச் சுற்றி வந்தால் பிட் வளைவது பெருமளவு குறையும். ஒழுங்காகக் கட்டிய சிறிய மெஷின் மரத்தில் 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் நிற்கும். பெயர்ப்பலகைக்கும் பொம்மைக்கும் பெட்டி மூட்டுக்கும் அது தாராளம். பேரிங் உட்காரும் துளைக்குப் போதாது. பெட்டிச் செய்தியில் நாங்கள் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

கே: அட்டைப் படத்தில் மெஷின் சாப்பாட்டு மேஜை அளவுக்குத் தெரிகிறது. நான் 4 அடிக்கு 4 அடி வேலைப்பரப்பில் கட்ட நினைக்கிறேன். என்ன குழாய் வாங்கலாம்? – வாசகர், ஈரோடு

ப: படம் அகலக் கோண லென்ஸில் மிகக் கிட்டத்தில் எடுத்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேலாவது வைத்திருக்க வேண்டும். உண்மையில் அதன் வேலைப்பரப்பு 60 செ.மீ.க்கு 60 செ.மீ.தான்.

4 அடிக்குக் கட்டாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே தருகிறோம். 25.4 மி.மீ. வெளிவிட்டம், 1.6 மி.மீ. கனம் உள்ள இரும்புக் குழாயை இரு முனையில் தாங்கி, நடுவில் 20 நியூட்டன் (ஏறத்தாழ 2 கிலோ எடை) விசை கொடுத்தால், 600 மி.மீ. நீளத்தில் அது 0.05 மி.மீ. வளையும். 900 மி.மீ. என்றால் 0.18. 1,200 என்றால் 0.42. நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. குழாயின் கனத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்கத் தோன்றும், 1.2 மி.மீ. கனத்தை 2 மி.மீ. ஆக்கினாலும் கிடைப்பது ஒன்றரை மடங்கு விறைப்புதான். எட்டு மடங்கு இழப்பை ஒன்றரை மடங்கு ஈடுசெய்யாது. பெரிய மெஷினும் நகரும், கோடு போடும், பேனா பிடித்துப் படம் வரையும். மரத்தில் பிட்டை இறக்கியதும் அலறத் தொடங்கும்.

உயரத்துக்கும் இதே கவனம் வேண்டும். படத்தில் மெஷின் நீண்ட கால்களோடு கம்பீரமாக நிற்கிறது. அந்தக் கம்பீரம்தான் வெட்டைக் கெடுக்கும். பிட்டின் நுனி எவ்வளவு கீழே தொங்குகிறதோ அவ்வளவு நெம்புகோல். 18 மி.மீ. பலகை வெட்டுபவருக்கு இசட் பயணம் 75 மி.மீ.க்கு மேல் எதற்கு? கால்களை அறுத்துக் குட்டையாக்குங்கள். வேலைப்பரப்பைத் தவிர மூட்டுகளுக்கென நீளத்திலும் அகலத்திலும் மொத்தம் 30 செ.மீ. வரை கூடுதலாக வேண்டும் என்பதை மேஜை செய்யும்போதே நினைவில் வையுங்கள்.

குழாய் விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பாமல் வெர்னியரை எடுத்துப் போங்கள். இந்த வடிவமைப்பு 23.5, 25, 25.4 மி.மீ. என்று மூன்று வெளிவிட்டங்களுக்குக் கோப்பு தருகிறது. 23.5 அமெரிக்க மின்கம்பிக் குழாயின் அளவு. நம் ஊரில் தேட வேண்டாம். ஒரு இஞ்ச் எஸ்எஸ் பைப் 25.4 வெளிவிட்டம், கைப்பிடிச் சுவருக்குப் போடுவது அதுதான், எங்கும் கிடைக்கும். மின்வேலைக்கான 25 மி.மீ. எஃகு கண்டியூட்டும் பொருந்தும். ஆனால் தண்ணீர் ஜிஐ பைப்பின் 'ஒரு இஞ்ச்' உள்துவாரக் கணக்கு. அதன் வெளிவிட்டம் 33.7. முக்கால் இஞ்ச் எடுத்தாலும் 26.9. இரண்டும் எந்தக் கோப்புக்கும் ஒத்துவராது. குழாயை வாங்கும் முன் கண்ணாடி மேஜை மேலோ கிரானைட் பலகை மேலோ உருட்டிப் பாருங்கள். தாளம் போட்டுக்கொண்டு உருண்டால் வளைந்த குழாய். நாலு இடத்தில் விட்டம் அளந்து 0.1க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வைத்துவிட்டு வேறு கேளுங்கள். முதலில் குழாய், பிறகு அச்சு. வரிசை மாறினால் அச்சிடும் பிளாஸ்டிக் இழை (பிலமென்ட்) வீண்.

4 அடி உண்மையிலேயே வேண்டும் என்றால் அதே வடிவமைப்பாளரின் 'லோரைடர்' வேறு வகை மெஷின். மேஜை மேலேயே ஊர்ந்து போகும். முழு பிளைவுட் தாளுக்கு அதைப் பாருங்கள்.

கே: மூட்டுகளை அச்சிட்ட பிஎல்ஏ பிளாஸ்டிக் மே மாத வெயிலில் இளகாதா? பிஇடிஜி பிளாஸ்டிக்கில் அச்சிடலாமா? – வாசகர், திருநெல்வேலி

ப: பிஎல்ஏ இளகத் தொடங்குவது 60 டிகிரி அருகில். அறை 40 டிகிரி ஆனாலும் தாங்கும். மூடிய காரிலும் தகரக் கூரைக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். பிஇடிஜி வெப்பம் தாங்கும், ஆனால் பிஎல்ஏவைவிட அதிகம் வளையும். இந்த மெஷினுக்கு விறைப்புதான் உயிர். ஏபிஎஸ் சுருங்குவதால் குழாய் நுழையும் துவாரம் அளவு மாறிவிடும். பிஎல்ஏவே போடுங்கள், சுவர் நாலு அடுக்கு, நடு மூட்டுக்கு உள்நிரப்பு 50 சதவீதத்துக்குக் குறையாமல்.

வெயிலைவிட மோட்டார்தான் ஆபத்து. கரண்ட்டை அதிகம் வைத்தால் நேமா 17 தொட முடியாத சூட்டில் ஓடும். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மெல்ல வளைந்து பெல்ட் தளரும். ஏ4988 டிரைவரில் சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கறுப்பு ரெசிஸ்டர்கள் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'ஆர்100' என்று இருந்தால் 0.1 ஓம், 0.8 ஆம்பியருக்கு டிரைவரில் நீங்கள் வைக்க வேண்டிய ரெஃபரன்ஸ் மின்னழுத்தம் 0.8 × 8 × 0.1 = 0.64 வோல்ட். 'ஆர்050' என்றால் அதில் பாதி, 0.32. ரெசிஸ்டரைப் பார்க்காமல் எங்கோ படித்த 0.64ஐ வைத்தால் மோட்டாருக்கு இரட்டிப்புக் கரண்ட் போகும். டிரைவர் டிஆர்வி8825 வகை என்றால் ஆம்பியரில் பாதி, அதாவது 0.4 வோல்ட். பத்து நிமிடம் ஓடிய பிறகு மோட்டார் மேல் விரல் வைத்து ஐந்து எண்ணும்வரை தாங்க முடிந்தால் சரி. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைக் கழற்றாதீர்கள். டிரைவர் அந்த நொடியே போகும்.

கே: கல்லூரியில் ஆறு மாணவர்கள் சேர்ந்து இந்த மெஷினைக் கட்டியிருக்கிறோம். ஒரு வார இதழிலிருந்து படம் எடுக்கவும் பேட்டிக்கும் வருகிறார்கள். என்ன காட்டலாம், என்ன சொல்லலாம்? – மாணவர்கள், மதுரை

ப: வாழ்த்துகள். நிருபர் வருவதற்கு முன்பே ஒரு தாளில் இப்படி எழுதி வையுங்கள்: 'வடிவமைப்பு வி1 இன்ஜினியரிங், கட்டியதும் மாற்றியதும் நாங்கள்.' வாயால் சொன்னால் போதாது, தாளைக் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் 'மதுரை மாணவர்கள் கண்டுபிடித்த அதிசய மெஷின்' என்று தலைப்பு வந்துவிடும். அதைத் திருத்தச் சொல்லி அடுத்த வாரம் எழுதுவது வீண்வேலை. இந்தக் கோப்புகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை. மூன்று நிபந்தனை: உரியவர் பெயரைச் சொல்ல வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியதை அதே உரிமத்தில் பகிர வேண்டும். பெயரைச் சொல்வதால் உங்கள் உழைப்பு சிறிதாகாது. நீங்கள் என்ன மாற்றினீர்களோ அதுதான் உங்கள் செய்தி. கால் பிடியை ஒரு இஞ்ச் எஸ்எஸ் பைப்புக்கு மாற்றி வரைந்தீர்களா? தூசி உறிஞ்சும் வாய் ஒன்று சொந்தமாகச் செய்தீர்களா? அதை நடுவில் வையுங்கள்.

அதே தாளில் விவரக் குறிப்பு. வேலைப்பரப்பைச் சொல்லுங்கள், சட்டத்தின் வெளி அளவை அல்ல. குழாயின் விட்டமும் கனமும். கட்டுப்பாட்டுப் பலகை எது, அதில் ஓடும் மென்பொருள் மார்லினா ஜிஆர்பிஎல்லா. அப்புறம் ஒரே ஒரு வெட்டை முழுமையாகச் சொல்லுங்கள். உதாரணமாக: '12 மி.மீ. பிளைவுட், 3.175 மி.மீ. ஒற்றைப் பள்ள பிட், நிமிடத்துக்கு 18,000 சுற்று, நிமிடத்துக்கு 900 மி.மீ. ஓட்டம், ஒரு நடைக்கு 1.5 மி.மீ. ஆழம், 8 நடை, 300 மி.மீ. வட்டம் ஒன்றுக்கு எட்டரை நிமிடம்.' படிப்பவருக்கு மெஷினின் வேகமும் வலிமையும் இந்த ஒரு வரியில் பிடிபடும். 'மரம், அலுமினியம், அக்ரிலிக் எல்லாம் வெட்டும்' என்ற வரியால் ஒன்றும் பிடிபடாது. அலுமினியம் வெட்டியிருந்தால் ஒரு நடைக்கு 0.2 மி.மீ. ஆழம்தான் போக முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வெட்டாவிட்டால் சொல்லாதீர்கள்.

செலவு கேட்பார்கள். தொகையோடு தேதி, ஊர், எதெல்லாம் சேர்ந்தது என்பதும் போக வேண்டும். ரவுட்டர் சேர்த்தா, சேர்க்காமலா? கல்லூரி பிரிண்டரில் அச்சிட்டதால் பிரிண்டர் செலவு இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள். எத்தனை கிலோ பிலமென்ட், எத்தனை மணி நேரம் அச்சு என்பதையும் சேருங்கள். சென்ற இதழில் நாங்கள் வெறும் தொகையைப் போட்டதால், ரவுட்டருக்குக் காசு வைக்காமல் பொருள் வாங்கத் தொடங்கிய வாசகர்கள் இருக்கிறார்கள். இந்த வருத்தம் எங்களுக்கு உண்டு.

காட்டுவதற்கு மூன்று துண்டு போதும். வெர்னியரில் அளந்து அளவைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிய ஒரு சதுரம். கூர்நுனி கொண்ட வி பிட்டில் செதுக்கிய தமிழ் எழுத்துப் பலகை. உண்மையில் யாரோ பயன்படுத்தும் ஒரு பொருள். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, பாலிஷ் அடித்துக் காட்ட வேண்டாம். பிட் விட்ட வரி தெரியட்டும். பார்க்கத் தெரிந்தவர் அந்த வரியைத்தான் பார்ப்பார்.

படத்துக்கு: பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு, பின்னணியில் ஒரே நிறத் துணி. மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வெட்டின் ஆழமே தெரியாது. பிட் சுழலும்போது 1/60 நொடியில் எடுத்தால், 18,000 சுற்று வேகத்தில் அதற்குள் ஐந்து சுற்று ஆகிவிடும். பிட் வழுவழுப்பான உருளைபோல் தெரியும், மெஷின் ஓடுகிறது என்பது புரியும். தூள் பறப்பதை நிறுத்திக் காட்ட 1/1000 வேண்டும். வீடியோவில் எல்இடி விளக்கு கோடு கோடாக ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள். முழுப் பக்கத்துக்கு, 180 மி.மீ. அகலத்துக்குக் குறைந்தது 2,126 புள்ளி (பிக்சல்) தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். ஒரு படத்திலாவது அளவுக்கு ஸ்கேல் இருக்கட்டும். ஓடும் மெஷின் அருகில் நிற்பவர் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், கையுறை அணிந்திருக்கக் கூடாது. சுழலும் பிட் துணியைக் கவ்வினால் கையையும் இழுக்கும். அவசர நிறுத்தப் பொத்தான் படத்தில் விழும்படி நில்லுங்கள். அந்தப் பொத்தான் மோட்டாரை மட்டும் நிறுத்தினால் போதாது, ரவுட்டரின் மின்சாரத்தையும் வெட்ட வேண்டும்.

ஓடும் மெஷினைக் காட்டச் சொல்வதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 கணினி வந்தது. வீட்டுக் கணினி வரலாற்றில் பெரிய விளம்பரம் அதுதான். அட்டையில் இருந்ததோ உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி. நிஜமான முன்மாதிரி இதழ் அலுவலகத்துக்கு அனுப்பிய வழியில் தொலைந்துபோனதால், முகப்பை மட்டும் செய்து படம் பிடித்தார்கள். ஆர்டர் குவிந்தது, அனுப்பிவைக்க முடியாமல் கம்பெனி திணறியது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 1974 ஜூலை ரேடியோ எலக்ட்ரானிக்ஸ் அட்டையில் வந்த மார்க்-8 வேறு வழியில் போனது: கட்டுரையில் அடங்காத வரைபடங்களை 5 டாலர் சிறுநூலாகத் தனியே கொடுத்தார்கள். உங்களுக்கும் அதே வழிதான் பொருந்தும். பொருள் பட்டியல், நீங்கள் மாற்றிய கோப்பு, செட்டிங் எண்கள், மூல வடிவமைப்பின் முகவரி எல்லாவற்றையும் ஓர் இடத்தில் ஏற்றி, அதன் க்யூஆர் கோடைப் படத்துக்குக் கீழே போடச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான இதழ்கள் மறுக்காது.

கே: பிளாஸ்டிக் பாகங்களை அச்சிட்டுக் கிட்டாக விற்க உங்கள் இதழில் விளம்பரம் தரலாமா? – வாசகர், சென்னை

ப: மேலே சொன்ன 'வணிகத்துக்குக் கூடாது' என்ற நிபந்தனை இதற்குத்தான். வடிவமைப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி அனுப்பினால் விளம்பரத்தை ஏற்போம். மெஷினில் நீங்கள் வெட்டிய பெயர்ப்பலகையை விற்பதற்கு இந்தத் தடை பொருந்தாது.

கே: வட்டம் வெட்டினால் முட்டையாக வருகிறது. சதுரம் சாய்சதுரமாக வருகிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

ப: இரண்டும் ஒரே நோய், எக்ஸும் ஒய்யும் செங்கோணத்தில் இல்லை. 600 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலையிலும் பிட்டால் புள்ளி வைத்து, இரு மூலைவிட்டத்தையும் அளங்கள். இரண்டும் 848.5 வர வேண்டும். வித்தியாசம் 2 மி.மீ. என்றால் அதை 1.414ஆல் வகுங்கள்: ஒரு பக்கம் 1.4 மி.மீ. தள்ளியிருக்கிறது. இரு மோட்டாருக்கும் தனித்தனி டிரைவரும் எல்லை ஸ்விட்சும் உள்ள மார்லின் பலகை என்றால் எம்666 கட்டளையில் அந்த 1.4ஐக் கொடுத்து, எம்500 போட்டுச் சேமியுங்கள். மறுபடி அளந்தபோது வித்தியாசம் கூடியிருந்தால் குறியைக் கூட்டலிலிருந்து கழித்தலாக மாற்றுங்கள், அல்லது அடுத்த மோட்டாருக்குக் கொடுங்கள். இரு மோட்டாரையும் தொடராகக் கோத்து ஒரே டிரைவரில் ஓட்டுபவர், மின்சாரம் போடும் முன் வண்டியை இரு பக்கமும் தடையில் முட்ட வைத்து, கையால் பிடித்தபடியே ஆன் செய்ய வேண்டும். தடையை 1.4 மி.மீ. நகர்த்தி ஒட்டுவதுதான் இங்கே திருத்தம்.

மூலைவிட்டம் சரியாக இருந்தும் வெட்டு பாதியில் இடம் மாறினால் புல்லியைப் பாருங்கள். அதை இறுக்கும் சின்ன கிரப் ஸ்க்ரூ மோட்டார் தண்டின் தட்டைப் பகுதியில் உட்கார்ந்திருக்க வேண்டும். புல்லியின் முகத்திலிருந்து தண்டின் நுனிவரை மார்க்கரால் ஒரே கோடாக இழுத்துவையுங்கள். அடுத்த வேலை முடிந்ததும் கோடு இரண்டாக உடைந்து தெரிந்தால் புல்லி வழுக்கியிருக்கிறது. கோடு உடையாமல் வெட்டு மட்டும் நகர்ந்திருந்தால் மோட்டார் படி தவறியிருக்கிறது: ஆழமோ வேகமோ அதிகம்.

கே: பிளைவுட் விளிம்பு கரிந்து புகை வருகிறது. பயந்து பிட் நகரும் வேகத்தைக் குறைத்தேன், இன்னும் கரிகிறது. – வாசகர், திருச்சி

ப: குறைத்ததால்தான் இன்னும் கரிகிறது. பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் எவ்வளவு மரம் எடுக்கிறது என்று பாருங்கள்: ஒரு நிமிடத்தில் பிட் நகரும் தூரமான ஓட்டத்தை, அந்த நிமிடத்தின் சுற்றாலும் பற்களின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். 600 மி.மீ. ஓட்டம், 24,000 சுற்று, இரண்டு பல் என்றால் 0.0125 மி.மீ. அது வெட்டு அல்ல, உரசல். 900 ஓட்டம், 18,000 சுற்று, ஒரு பல் என்றால் 0.05, தூள் மாவாக இல்லாமல் துருவலாக வரும், சூட்டைத் தன்னோடு எடுத்துப் போகும். எனவே ஒற்றைப் பல் பிட் வாங்குங்கள், ரவுட்டரின் சுற்றைக் குறையுங்கள், ஓட்டத்தைக் கூட்டுங்கள், ஆழத்தை 1 மி.மீ. ஆக்குங்கள். வேகம் மாற்றும் திருகு இல்லாத ரவுட்டரில் இதற்கு வழி குறைவு. வாங்கும்போதே திருகு உள்ளதாகப் பாருங்கள். காலட்டையும் பாருங்கள்: 6 மி.மீ. தண்டை 6.35 மி.மீ. காலட்டில் இறுக்கினால் இறுகியதுபோல் இருக்கும், ஓடும்போது நழுவி இறங்கும்.

புகை வந்த பிட் மழுங்கியிருக்கும், மாற்றுங்கள். மெஷின் ஓடும்போது அறையை விட்டுப் போகாதீர்கள். உறிஞ்சு குழாய் வழியே ஒரு தணல் தூசிப்பைக்குள் போனால் அங்கே தீப்பிடிக்கும்.

கே: வேக்கம் கிளீனரைப் போட்டால் மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது. – வாசகர், சேலம்

ப: பிளாஸ்டிக் குழாயில் மரத்தூள் உராய்ந்து நிலைமின்சாரம் சேர்கிறது, அது பாய்ந்ததும் யூஎஸ்பி இணைப்பு அறுகிறது. குழாய் நெடுகிலும் தோல் உரித்த செம்புக் கம்பியைச் சுற்றி, அதை எர்த்தில் சேருங்கள். கோப்பை எஸ்டி கார்டிலிருந்து ஓட்டுங்கள். எல்லை ஸ்விட்ச் கம்பியை ரவுட்டர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கே: தமிழில் பெயர்ப்பலகை வெட்டுகிறேன். திரையில் சரியாக இருக்கும் எழுத்து மரத்தில் உடைகிறது, சில புள்ளிகள் காணாமல் போகின்றன. – வாசகர், தஞ்சாவூர்

ப: பிட் போகும் பாதையை வகுக்கும் பல டூல்பாத் மென்பொருட்களின் எழுத்துக் கருவிக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் அமைத்து, அங்கேயே கோடாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுபோங்கள். கொண்டுபோனதும் பலகையின் அகலத்தை ஒருமுறை அளங்கள். ஒரு இஞ்ச்சுக்கு 90 புள்ளி என்ற பழைய கணக்கும் 96 என்ற புதிய கணக்கும் மோதினால் 300 மி.மீ. பலகை 320 ஆகவோ 281 ஆகவோ வந்து நிற்கும்.

புள்ளி காணாமல் போவதற்குக் காரணம் பிட்டின் விட்டம். 3.175 மி.மீ. பிட் நுழைய முடியாத புள்ளியை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடும். எச்சரிக்கைகூட வராது. 'கண்ணன்' என்பது 'கணணன' ஆகிவிடும். புள்ளியின் விட்டத்தைத் திரையில் அளந்து பாருங்கள். பிட்டைவிடச் சிறிதாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், புள்ளியை மட்டும் தனியே பெரிதாக்குங்கள், அல்லது 1.5 மி.மீ. பிட்டுக்கு மாறுங்கள். 'ட', 'ப' போன்ற எழுத்துகளின் மூலை 1.6 மி.மீ. ஆரத்தில் மழுங்கி வருவதும் இதனால்தான். பலகையின் மறுபக்கம்வரை வெட்டினால் 'வ', 'ண', 'ன' எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். பின்னால் ஒரு தாளோ அட்டையோ ஒட்டி, துண்டுகளை அதன் மேல் திரும்ப ஒட்ட வேண்டும்.

இந்தத் தொல்லை எல்லாம் வேண்டாம் என்றால் 60 டிகிரி வி பிட். கோடு அகலமானால் ஆழமாகவும், குறுகினால் மேலோட்டமாகவும் தானே போகும். 4 மி.மீ. அகலக் கோட்டுக்கு 3.46 மி.மீ. ஆழம், 90 டிகிரி பிட் என்றால் 2 மி.மீ. சின்னப் புள்ளிக்கும் சின்னதாக ஒரு குழி விழும். பலகை மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஒரு மூலை அரை மி.மீ. தாழ்ந்தாலும் அங்கே எழுத்து மெலிந்துபோகும். எனவே முதலில் அடிப்பலகையை மெஷினை வைத்தே சீவி மட்டமாக்குங்கள். வெட்டும் முன் முன்னோட்டத்தில் புள்ளிகளை எண்ணுங்கள்: 'கண்ணன்' என்றால் இரண்டு, 'பொன்னம்பலம்' என்றால் மூன்று.